பூச்சுப் படாத ஓரம்

மயிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் விவசாயியின் மகள் செந்தாமரை, 2012-இல் திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. தீக்காயத்துக்குத் தோல் வளர்க்கும் ஆராய்ச்சி அது. மரக்காணத்து இறால் ஓட்டிலிருந்து எடுத்த பசையைக் கண்ணாடி வில்லைகளில் பூசி, அதன்மேல் தோல் செல்களை விடுவாள். அவை ஒட்டிப் பரவ வேண்டும். இரண்டு வருடமாகக் கடுகு மாதிரி உருண்டு மிதந்தன. பூச்சை ஏழு முறை மாற்றியாயிற்று.

அன்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவளுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. வில்லையின் ஓரத்தில், பூச்சுப் படாத இடத்தில் மட்டும் செல்கள் நன்றாகப் படர்ந்திருந்தன.

“என்னம்மா, ஒட்டுச்சா?” என்றார் பேராசிரியர்.

“நான் பூசாத இடத்துலதான் ஒட்டிக்கினு இருக்குது சார். ஒரே பேஜாரு.”

“அதையும் நோட்டுல எழுதும்மா.”

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பிறகு எட்டாவது பூச்சுக்காக வில்லைகளைக் கழுவப் போனாள்.