ஊருக்குப் பொதுவாகிப் போன என் போன் நம்பர்

பாலவனத்தத்திலிருந்து தினமும் திருச்சுழிக்கு வேலைக்குப் போகிறவள் நான். அருப்புக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும். திருச்சுழியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று வருகிறவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்போம். அங்கே நான் அதிகம் சொல்கிற வார்த்தை "மெதுவா" என்பதுதான். போனுக்கு ஓ.டி.பி. வந்ததும், எதிர்க் கடையில் டீ குடிக்கிறவருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுச் சொல்வார்கள். கூடவே ஆதார் எண்ணும் பிறந்த தேதியும் இலவசம். "மெதுவாச் சொல்லுங்கய்யா" என்றால், "ஏன், நாம என்ன களவாண்டா வந்திருக்கோம்?" என்று முறைப்பார்கள். எங்கள் பக்கத்தில் எதையாவது மறைக்கிறவன் என்றால் அவன் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறான் என்று அர்த்தம்.

ஒரு நாள் காலையில் ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். வந்த பஸ் எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் வேகம் எடுத்துப் போய்விட்டது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானதிலிருந்து இந்த வேடிக்கை அவ்வப்போது நடக்கிறதுதான். அன்றைக்கு மட்டும் கையில் போன் இருந்தது, மனசில் எரிச்சலும் இருந்தது. போகிற பஸ்ஸை வீடியோ எடுத்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் இருக்கிற ஒரு பேஸ்புக் குழுவில் போட்டேன். ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் சொல்வதும், பிளாட் விற்பனைக்கு என்று அறிவிப்பதும்தான் அந்தக் குழுவின் அன்றாட வேலை. "பொம்பளைக மட்டும் நின்னா பஸ்ஸுக்குக் கண்ணு தெரியாதா?" என்று ஒரே ஒரு வரி எழுதினேன்.

மதியத்துக்குள் அறிவாளிகள் திரண்டு வந்துவிட்டார்கள். "ஓசியில போறதுக்கு வாய் வேறயா?" என்றார் ஒருவர். "நடந்து போனா உடம்பு குறையும்" என்று என் ஆரோக்கியத்தில் அக்கறை காட்டினார் இன்னொருவர். முகப்பில் முருகன் படம் வைத்திருந்த ஒருவர் எழுதியதை இங்கே எழுத முடியாது. முருகன் படித்திருந்தால் வேலைக் கையில் எடுத்திருப்பார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. சாயங்காலம் சிங்கத்தின் முகத்தை முகப்பாக வைத்திருந்த ஒரு ஆள் என் படத்தையே போட்டார். பட்டுச்சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கீழே என் போன் நம்பர். "பஸ்ஸு கேட்ட அம்மணி இவுகதான். பைக்குல லிஃப்ட் குடுக்க ஆசப்படுறவுக கூப்பிடலாம்."

கூப்பிட்டார்கள். இந்த வறண்ட பூமியில் பெண்களுக்கு உதவ இத்தனை பேர் பெட்ரோல் போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பது எனக்கு அதுவரை தெரியாது. "எங்க நிக்கிறீங்க மேடம்?" என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனார்கள். சிலர் பேசவே இல்லை, மூச்சு மட்டும் விட்டார்கள். சிலர் படம் அனுப்பினார்கள். வேலைக்கும் அதே நம்பர் என்பதால் அணைத்து வைக்கவும் வழியில்லை. விண்ணப்பம் என்னவாயிற்று என்று கேட்கிற பெரியவரா, வேறு எவனாவதா என்று ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் மினி வேன் வைத்து லோடு அடிக்கிறவர். "கொண்டா, நான் பேசுறேன்" என்று போனை வாங்கிக்கொண்டார். ஆண் குரல் கேட்டதும் எதிர்முனையில் ஒரே பணிவு. "சாரிண்ணே, ராங் நம்பரு." அடுத்த ஆளும் அதையே சொன்னான். அதற்கடுத்தவன் "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று நலம் விசாரித்துவிட்டு வைத்தான்.

"எல்லாம் மரியாதையான பயலுகளாத்தான இருக்கான்?" என்றார் இவர்.

"ஒங்ககிட்ட மரியாதைதான்."

"பேசாம அந்த வீடியோவ அழிச்சிரு. நமக்கு எதுக்கு வம்பு?"

"நான் போட்டத நான் அழிக்கிறேன். அவன் போட்டத யாரு அழிக்கிறது?"

அவர் வேனைக் கழுவப் போய்விட்டார்.

எனக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. என் முகப்பில் நான் என் படமே வைத்ததில்லை. அந்தப் பட்டுச்சேலை மட்டும் ஞாபகம் இருந்தது, என் மகளுக்குக் காது குத்தியபோது கட்டியது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவது? தாய்மாமனான என் அண்ணன் பாளையம்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். நேராக அங்கே போனேன்.

போனைத் திறந்து பார்த்தால், அவன் பேஸ்புக் பக்கத்தில் என்னையும் டேக் பண்ணி எல்லாமே இருந்தது. காதணி விழாவுக்கு வைத்த பிளக்ஸ், பத்திரிகை, மண்டபத்தில் எடுத்த படங்கள். பிளக்ஸில் என் முகம், இவர் முகம், மகளின் முகம். மகள் எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு படிக்கிறாள் என்ற விவரம். எங்கள் தெரு. "தொடர்புக்கு" என்று என் நம்பர். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டுச் சாவியை எந்தப் பானைக்கு அடியில் வைப்போம் என்பதுதான் பாக்கி.

"அண்ணே, இத மொதல்ல எடு."

"ஏத்தா, அதுக்கு எம்புட்டு லைக்கு விழுந்திருக்கு தெரியுமா? மலேசியாவுல இருந்துகூட வாழ்த்துச் சொல்லியிருக்காக."

"அதப் பாத்துத்தான் எனக்குப் போன் வருது."

"அவனவனுக்கு அறிவு கெட்டுப்போனா நான் என்ன செய்ய? நம்ம குடும்பத்துப் பெருமைய நாமளே எடுத்துட்டா, ஊர்ல என்னமோ சண்டைன்னு பேச மாட்டாகளா?"

அதற்கு மேல் விவாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை. அன்று காலையில் வந்த ஒரு போனை மட்டும் சொன்னேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. ஒருத்தன், ரொம்பச் சாந்தமான குரல். கெட்ட வார்த்தை ஒன்றுகூடப் பேசவில்லை. "காது குத்துன போட்டோ பாத்தேன். பாப்பா அழகா இருக்கா. சாயங்காலம் ஸ்கூலு விட்டா தனியாத்தான் வருமா?" என்று கேட்டான்.

அண்ணன் கையிலிருந்த தராசுக் கல்லைக் கீழே வைத்தான். ஆணி வாங்க வந்தவரை "பெறகு வாங்க" என்று அனுப்பினான். தன் போனை எடுத்து என் கையிலேயே கொடுத்தான். ஒவ்வொரு படமாக எடுத்தோம். மற்றதையெல்லாம் அவனுக்குத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி மாற்றினேன். அதைப் பகிர்ந்திருந்த சொந்தக்காரர்களுக்கும் அவனே போன் போட்டு எடுக்கச் சொன்னான். அதில் ஒரு சித்தப்பா, "எங்க பாசத்தையும் அழிக்கச் சொல்லுவீகளா?" என்று கோபித்துக்கொண்டு எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் நன்மை அது.

வந்த அழைப்புகள், அனுப்பிய படங்கள், சிங்கத்தின் பதிவு என்று எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். "இந்த அசிங்கத்தை எதுக்குப் போன்ல வச்சிருக்க?" என்று கேட்டவர்கள் உண்டு. அசிங்கத்தை அழித்துவிட்டு எதைக் காட்டிப் புகார் கொடுப்பது? போலீஸ் ஸ்டேஷனில் முதலில் ஒருவர், "நீங்க எதுக்கும்மா வீடியோ போட்டீங்க?" என்று என்னையே விசாரித்தார். உள்ளே இருந்த பெண் போலீஸ் அதிகாரி மகளைப் பற்றி வந்த போனை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு வேறு கேள்வி கேட்கவில்லை. புகாரை வாங்கி ரசீது கொடுத்தார்.

சில வாரத்தில் சிங்கம் யார் என்று தெரிந்துவிட்டது. ஸ்டேஷனில் இருந்து கூப்பிட்டதுமே அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அருப்புக்கோட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கிற, தலை நரைத்த மனிதர். கூடவே பெரிய மனிதர்கள் இரண்டு பேர், ஒரு பை ஆப்பிள்.

"வெளையாட்டாப் போட்டதுதான் தங்கச்சி. புகார வாபஸ் வாங்கிரு. என் பேரு மட்டும் வெளிய வந்துரக் கூடாது. மகளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கேன். மானம் போயிரும்."

"அப்படியா? ஒங்க மக நம்பரு சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "எ... எதுக்கும்மா?"

"சும்மா வெளையாட்டுக்குத்தான்."

அந்தப் பெண்ணை நான் எதுவும் செய்யப் போவதில்லை. அவள் என்ன பாவம் செய்தாள்? ஆனாலும் அவர் அந்த நாற்காலியில் பட்ட பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது நிஜம். கூட வந்தவர்களில் ஒருவர், "பொம்பளைப் பிள்ளைக்கு இம்புட்டு வைராக்கியம் ஆகாது" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். இவர்தான் வம்பு வேண்டாம் என்கிற ஆளாயிற்றே, தலையாட்டிவிடுவார் என்று நினைத்தேன். இவர் எழுந்து ஆப்பிள் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கெளம்புங்க" என்றார்.

புகாரை நான் வாபஸ் வாங்கவில்லை. சிங்கம் பதிவை எடுத்து, கணக்கையும் மூடிவிட்டது. கூப்பிட்ட சிலரை ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்கள். பெண்டாட்டியோடு வந்து அழுதவனும் உண்டு. ஆனால் அந்தச் சாந்தமான குரல்காரனின் போன் மட்டும் அன்றோடு அணைந்ததுதான். அந்தச் சிம் வேறு யார் பேரிலோ இருக்கிறதாம். இன்னும் தேடுகிறார்கள். மகளை இப்போது இவரே வேனில் கொண்டு போய் விட்டுக் கூட்டி வருகிறார். ஏன் என்று அவள் கேட்கிறாள். அவளுக்குப் புரிகிற மாதிரி கொஞ்சம் சொல்லியிருக்கிறோம், மீதியை இன்னும் சொல்லவில்லை.

பழைய நம்பரைச் சென்டரோடு நிறுத்திவிட்டுப் புது சிம் வாங்கினேன். நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் கொடுத்து, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அந்த வாரமே பெரியம்மா தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், நான் கைகூப்பி நிற்கிற படத்தோடு அந்த நம்பரைப் போட்டிருந்தார். பதறிப்போய்ப் போன் போட்டேன்.

"நல்லதுக்குத்தான்டி போட்டேன்" என்றார் பெரியம்மா. "பிள்ளைய எவனும் தொந்தரவு பண்றானான்னு நாலு பேரு கூப்பிட்டு விசாரிப்பாகல்ல?"