நர்சிங் குரூப்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம் டீச்சர் எங்கள் வீடு தேடி வந்தார். சுருளிப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்டுக் கேட்டு, வெயிலில் தோட்டத்துக்கே நடந்து வந்துவிட்டார். அப்பா அப்போது திராட்சைப் பந்தலுக்குக் கீழே மருந்து அடித்துக்கொண்டிருந்தார். முதுகில் ஸ்பிரேயர், கை காலெல்லாம் மயில்துத்த நீலம். டீச்சரைப் பார்த்ததும் கும்பிடுவதா, கையை மறைத்துக்கொள்வதா என்று தெரியாமல் திணறினார்.

அதுவரை எங்கள் வீட்டுக்கு எந்த வாத்தியாரும் வந்ததில்லை. நான் படித்தது கன்னியர்கள் நடத்திய பெண்கள் பள்ளி. தினமும் பஸ் மாறித்தான் போக வேண்டும். இந்த டீச்சர் கன்னியர் அல்ல. பள்ளிக்கூடத்து ஊரிலேயே மாதா கோயில் தெருவில் குடியிருந்தவர். நர்சுக்குப் படித்துவிட்டு, மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவான நர்சிங் குரூப்புக்குப் பாடம் எடுத்தார். எங்கள் சயின்ஸ் டீச்சர் பிரசவ லீவில் போனபோது சில மாதம் எங்களுக்கும் வந்தார். கரும்பலகையில் இதயத்தை வரைந்து, ரத்தம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று இரண்டு நிறச் சாக்பீஸில் காட்டுவார். நானும் நர்ஸ் ஆக வேண்டும் என்ற ஆசை அந்த வகுப்பில்தான் பிடித்தது. முப்பது வயதைத் தாண்டியும் அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இல்லாத வீட்டில் தம்பி, தங்கச்சியை அவர்தான் வளர்த்தார். அந்தத் தங்கச்சி என் வகுப்பில்தான் படித்தாள்.

அம்மா ஓடிப்போய் கலர் சோடா வாங்கி வந்தாள். பந்தல் நிழலில் சாக்கை விரித்து டீச்சரை உட்கார வைத்தோம்.

"பிள்ளைய என்ன குரூப்ல சேக்கப் போறீக?" என்று அப்பாவைக் கேட்டார்.

"சயின்ஸ் குரூப்புன்னு சொல்லுது டீச்சர். எனக்கு அதெல்லாம் என்ன தெரியும். நீங்க சொன்னாச் சரி."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நர்சாகணும்னுதான எங்கிட்டச் சொன்ன?"

"ஆமா டீச்சர்."

"அப்பறம் எதுக்கு ரெண்டு வருசம் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரின்னு முட்டிக்கிட்டுக் கெடக்கணும்? எங்க குரூப்புல சேந்தா மொதல்லருந்தே ஆஸ்பத்திரி வேலையப் படிக்கலாம். மிஷன் ஆஸ்பத்திரிக்கு டிரெய்னிங் கூட்டிட்டுப் போவோம். அங்கனயே நர்சிங் ஸ்கூல் இருக்கு. பிளஸ் டூ முடிச்சதும் சிஸ்டர்ஸ் நம்ம பிள்ளைகளத்தான் மொதல்ல எடுப்பாக."

"சீட்டு உறுதியா கெடைச்சிருமா?" என்றார் அப்பா.

"நான் இருக்கேன்ல."

அதற்கு மேல் அப்பா எதுவும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். "ஒங்க தங்கச்சியும் அந்தக் குரூப்புதானா டீச்சர்?"

டீச்சர் சிரித்துவிட்டார். "அவளா? ரத்தத்தப் பாத்தாலே மயங்கி விழுந்துருவா." நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

சேர்க்கை நாளில் தலைமையாசிரியை மதர் என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். "இந்த மார்க்குக்கு இந்தக் குரூப்பா?" பக்கத்தில் நின்ற டீச்சர், "அவளே ஆசப்பட்டுக் கேக்குறா மதர்," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்களைப் பார்த்தேன். பெரும்பாலும் வேறு குரூப் கிடைக்காதவர்கள், ஒரு பாடத்தில் தவறி மறுபடி எழுதித் தேறியவர்கள். சயின்ஸ் குரூப்பு டீச்சர்கள் எங்களை 'வொக்கேஷனல் பிள்ளைக' என்பார்கள். விளையாட்டு விழா என்றால் பஞ்சும் டிஞ்சரும் எடுத்துக்கொண்டு மைதானத்து ஓரத்தில் நாங்கள் நிற்க வேண்டும். கோயில் திருவிழாவில் கூட்டத்தில் மயங்கி விழுகிறவர்களைத் தூக்கிவர நாங்கள். அதெல்லாம் எனக்கு ஒரு குறையாகப் படவில்லை. நான் போகிற இடம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி டிரெய்னிங் நாட்களை இன்றைக்கு நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதை மட்டும் யாராலும் பொய்யாக்க முடியவில்லை. தாவணிக்கு மேல் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு காலையில் போய் இறங்குவோம். நோயாளியைப் படுக்கையில் வைத்துக்கொண்டே விரிப்பை மாற்றுவது, ஊசியும் கத்தரியும் கொதிக்க வைப்பது, காய்ச்சல் பார்த்து அட்டையில் குறிப்பது என்று எல்லாம் செய்தோம். ஆயாக்கள் வராத நாளில் பெட்பேன் கழுவுவதும் எங்கள் வேலைதான். டிரெய்னிங் என்ற பெயரில் ஆஸ்பத்திரிக்குச் சும்மா ஆள் கிடைத்தது என்று பின்னால் ஒரு தோழி சொன்னாள். இருக்கலாம். எனக்கு அப்போது வார்டின் டெட்டால் வாசனையே பிடித்திருந்தது.

அங்கே நர்சிங் ஸ்கூலுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு மலையாளச் சிஸ்டர். ஒருநாள் கடமலைக்குண்டிலிருந்து கெண்டைக்காலில் அரிவாள் பட்ட ஒரு அக்காவைக் கொண்டுவந்தார்கள். தையல் போட்ட காயத்துக்கு மறுநாள் கட்டு மாற்றச் சொல்லி சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். பழைய துணி காயத்தோடு ஒட்டியிருந்தது. நான் அதன் ஓரத்தைப் பிடித்து இழுக்கப் பார்த்தேன்.

"பேடிக்கண்டா மோளே, பயப்படாத. இழுக்காத. வெள்ளம் விட்டு ஊற வை," என்று பக்கத்தில் நின்றார்.

உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அந்த அக்கா முகத்தைச் சுளிக்கும்போதெல்லாம் நிறுத்தி, எடுத்து முடித்தேன். "நல்ல கை இது. நீ படிச்சு வரணும்," என்றார் சிஸ்டர். பஸ்ஸில் திரும்பி வரும்போது டீச்சரிடம் இதைச் சொன்னேன். டீச்சர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். "பெறகு? என் பிள்ளல்ல நீ," என்றார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊர் வரும் வரை நான் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பிளஸ் டூவில் எங்கள் குரூப்பில் நான்தான் முதல். நர்சிங் ஸ்கூலுக்கு விண்ணப்பம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், அறுவடை நேரம் என்பதால் அப்பாவை விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிதானே. மலையாளச் சிஸ்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் மார்க் ஷீட்டை நீட்டியதும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

"மோளே, இது எதுக்குக் கொண்டாந்த?"

"விண்ணப்பம் வாங்க சிஸ்டர்."

"இங்க பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி படிச்ச குட்டிகளத்தான எடுக்கும். அதாணு ரூல். நினக்கு அறியில்லே?"

"நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள மொதல்ல எடுப்பீகன்னு டீச்சர் சொன்னாக."

சிஸ்டர் மார்க் ஷீட்டை மறுபடி ஒரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்க டீச்சர்ட்ட நான் ஆதியிலயே பறஞ்சிட்டுண்டு. டிரெய்னிங்குக்கு வரலாம், சீட்டு கிட்டாதுன்னு. அவங்க ஒங்ககிட்டச் சொல்லியிருக்கும்னு நெனச்சேன்," என்றார். மார்க் ஷீட்டை மடிக்காமல், இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்தேன். வராந்தாவில் வரிசை நின்றது. அதில் டீச்சரின் தங்கச்சி நின்றாள். சயின்ஸ் குரூப் படித்தவள். என்னைப் பார்த்ததும், "ஏய், நீயும் வந்துட்டியா? சேந்தே படிக்கலாம்," என்று என் கையைப் பிடித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்று இன்றும் நம்புகிறேன். அவளுக்குப் பின்னால் டீச்சர் நின்றார். என்னைப் பார்த்தார். உடனே தங்கச்சியின் பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். நான் அவர் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். அவர் தேடிக்கொண்டே இருந்தார்.

அழுகை வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து, ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறவள் எப்படி நர்சுக்குப் படிப்பாள் என்பதையே திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. கோயிலுக்குக் கட்டிய சேலையோடு, கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். தங்கச்சி வீட்டில் இல்லை.

"வா பிள்ள. உக்காரு."

நான் உட்காரவில்லை. "எங்க குரூப்ப அங்கன எடுக்க மாட்டாகன்னு ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

ஒரு பாவாடையை மடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "தெரியும்."

"எங்க வீட்டுக்கு வந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்னுதான சொல்றேன்."

"பெறகு ஏன் டீச்சர்?"

"அந்த வருசம் ஆளே சேரல. ஆள் இல்லேன்னா குரூப்ப எடுத்துருவோம்னு சொல்லிட்டாக. குரூப்பு போனா நானும் போகணும். இந்த வீட்ல வேற ஆரு சம்பாதிக்கிறா, சொல்லு. ஊர் ஊராப் போயி கேட்டேன். நல்லாப் படிக்கிற பிள்ள ஒண்ணு சேந்தா மத்ததுகளும் சேரும்னு நெனச்சேன். அதே மாதிரி ஒன்னியப் பாத்துத்தான் பாதிப் பிள்ளைக சேந்துச்சு."

எனக்காக மட்டும் வெயிலில் நடந்து வந்தார் என்று நினைத்திருந்தேன். எத்தனை வீட்டு வாசலில் என் பெயரைச் சொல்லியிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஒங்க தங்கச்சிய அந்தக் குரூப்புல சேத்திருக்கலாம்ல டீச்சர். என்னைய விட அவளுக்கு மார்க்கு கம்மிதான."

டீச்சர் துணியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபத்தை அன்றுதான் பார்த்தேன். "அவ என் தங்கச்சி," என்றார்.

நான் வாசல் பக்கம் திரும்பினேன். அவரே பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நீ கெட்டிக்காரி பிள்ள. எங்கன போனாலும் பொழச்சுக்குவ," என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னால் கூப்பிடுவார் என்று தெருமுனை வரை ஒரு நினைப்பு இருந்தது. கூப்பிடவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா நம்பவில்லை. நேரில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபமே இல்லை.

"டீச்சருக்குக் கண்ணு கலங்கிருச்சு. இன்னும் கொஞ்சம் மார்க்கு எடுத்திருந்தா எப்படியும் வாங்கிக் குடுத்திருப்பாகளாம். போட்டி ரொம்பவாம்."

"அப்பா, எங்கிட்ட அப்படிச் சொல்லல. தெரிஞ்சேதான் சேத்துவிட்டேன்னு சொன்னாக."

"அம்புட்டுத் தூரம் வீடு தேடி வந்தவுக அப்படிச் செய்வாகளா ஆத்தா? மார்க்கு போனாப் போகுது. அதுக்காக அடுத்தவுக மேல பழி போடாத."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். டீச்சர் என்னிடம் உண்மையைச் சொன்னார், அப்பாவிடம் பொய்யைச் சொன்னார். என்னிடமும் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நான் சொல்லும் உண்மைக்கு இந்த வீட்டில் மதிப்பில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மறுபடி பதினொன்றில் சயின்ஸ் குரூப் சேர்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். எடுக்கிற மார்க்கை இப்போதே எடுத்திருக்கலாமே என்றார் அப்பா.

கம்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனேன். அங்கே எல்லோரும் என்னை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசி போட்டேன், கட்டுக் கட்டினேன், டாக்டரோடு ஆபரேஷனுக்கும் நின்றேன். அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தால் மட்டும், படித்துப் பதிவு செய்த நர்சுகள் கீழே நிற்க, எங்களைப் போன்றவர்களை மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுவார்கள். துணி காயும் கொடிகளுக்கு நடுவில் குத்தவைத்து உட்கார்ந்திருப்போம். மற்றப் பெண்கள் அதை ஒரு விடுமுறை மாதிரி சிரித்துப் பேசிக் கழித்தார்கள். என்னால் முடியவில்லை. கல்யாணமாகித் தேனிக்கு வந்த பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தேன். இப்போது யார் ஆய்வுக்கு வந்தாலும் என் இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். வேலை பிடித்திருக்கிறது. ஆனாலும் நான் கேட்டது இதை அல்ல.

டீச்சரின் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னாள். தங்கச்சி நர்சு படித்துக் குவைத்துக்குப் போனதும், அந்தப் பணத்தில் கோயில் தெருவில் மாடி வைத்து வீடு கட்டியதும் அப்பா சொல்லித்தான் தெரியும். புதுமனை புகுவிழாவுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். நான் போகவில்லை. அப்பா போய்விட்டு, நேராகத் தேனிக்கு என் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர் ஒன்னியத்தான் மொதல்ல கேட்டாக," என்றார், சாப்பிட உட்கார்ந்தபடி. "வந்தவுக கிட்டயெல்லாம் ஒன்னப் பத்திப் பெருமையாச் சொன்னாக. என் கையில படிச்ச பிள்ள, ஆஸ்பத்திரில வேல பாக்குதுன்னு."

"நீங்க என்ன சொன்னீக?"

"எல்லாம் ஒங்களாலதான் டீச்சர்னு சொன்னேன்."

நான் ரசத்தை ஊற்றினேன். அவருக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. ஊற்றினேன்.