தட்டில் வந்த சப்பாத்து

இந்த மலையில் என் மகளைப் பார்க்கிறவர்கள் மூன்று இடங்களைப் பார்க்கிறார்கள். முதலில் அவள் முகம், அடுத்து என் முகம், அப்புறம் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உயர்த்தி, மேட்டில் இருக்கும் வெள்ளைக்காரத் துரையின் பங்களா. விடியற்காலையில் தப்பு மேளச் சத்தம் கேட்டு ஆட்கள் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்து வரிசையில் நிற்கும்போது தினமும் இது நடக்கிறது. நம் முசிறிப் பக்கத்தில் குழந்தை பிறந்தால் சொந்தக்காரர்கள் நீங்கள் மூக்கு அத்தைக்கு, நெற்றி சித்தப்பாவுக்கு என்று சத்தம் போட்டுப் பங்கு பிரிப்பீர்கள். இங்கேயும் பிரிக்கிறார்கள், வாயைத் திறக்காமல். பவளத்துக்கு நான்கு வயது. நிறம் என்னுடையது, நடை அவள் அம்மாவுடையது, கண் மட்டும் சாம்பல். அது எங்கிருந்து வந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் இந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. பெரட்டில் பேர் கூப்பிடுவது என் வேலை. கூப்பிட்டுக்கொண்டே இத்தனை பேர் கண் போகும் போக்கையும் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

கடல் தாண்டி நான் வந்த காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும், இன்றும் அப்படித்தான். அங்கிருந்து மாட்டுவண்டிப் பாதையில் ஏறி இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது, ஒண்டிக்கட்டையாகக் கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஊர் திரும்புவதாகத்தான் எண்ணம். தங்கம் என்ற பெண்ணைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. அவள் அம்மா சின்னத்தாயி ஒரு காலத்தில் பங்களாவில் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவள். துரைக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. சீமையிலிருந்து துரைசாணி வரப்போகிறாள் என்றதும் கைக்குழந்தையோடு சின்னத்தாயியை ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஓர் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் குழந்தைதான் தங்கம். லயத்தில் அவளுக்குப் பூனைக்கண்ணி என்று பேர். பதுளையில் இருக்கும் வெள்ளைக் கலப்புள்ள பறங்கிக் குடும்பங்களோ, கொழுந்து பறிக்கிறவள் மகள் தங்கள் வாசலில் ஏறக்கூடாது என்பார்கள். கூறைச்சேலை எடுக்க நாங்கள் மூவரும் பதுளைக்குப் போனபோது, துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா அவளைப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸிக்கு கவுன் துணி காட்டவா?" என்று கேட்டார். "கலியாணம் எனக்குத்தான் நானா. சேலையக் காட்டுங்க" என்றாள் தங்கம். பாவம், அந்த மனிதர் பதறிப்போய் எங்களுக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

கல்யாணத்துக்குச் சின்னத்தாயி ஒரு நிபந்தனை வைத்தாள். தோட்டத்தில் எந்த நல்லது நடந்தாலும் வெற்றிலை பாக்கு, பழம், எலுமிச்சை வைத்துத் தட்டைத் துரை முன்னால் நீட்டுவோம். அவர் விரலால் தொட்டுவிடுவார், நாங்கள் பின்வாங்கிக்கொள்வோம். தொடுவது தோட்டத்துத் துரையின் வழக்கம். ஆனால் நிச்சயம் செய்யும்போது பெண்ணின் அப்பா இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு பதில் தட்டு தர வேண்டும், அது உங்களுக்குத் தெரியும். "அவரு தொடக்கூடாது, வாங்கணும். தொட்டுட்டு விட்டார்னா எம்புள்ளைக்கு அப்பன் இல்ல, உங்களுக்குப் பொண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். வேலை போய்விடும் என்று பெரிய கங்காணி பயமுறுத்தினார். எனக்கும் பயம்தான். ஆனால் தங்கத்தை விட முடியவில்லை.

தட்டைத் தூக்க இங்கே எனக்கு உறவு யார்? நானே தூக்கிக்கொண்டு பங்களா வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால் தங்கமும் அவள் அம்மாவும். "கலியாணமா? நல்லது, நல்லது" என்று துரை வெற்றிலையைத் தொட்டார். நான் தட்டை இழுத்துக்கொள்ளவில்லை. துரைக்குப் புரியவில்லை. "என்னா வேணும்? லீவா? ரெண்டு நாள் எடு, போ" என்றார்.

"லீவு வேணாங்க தொரை. தட்ட வாங்கிக்கங்க."

அப்போதுதான் அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். தங்கம் தலையைக் குனியவில்லை. துரையின் முகம் சிவந்தது. என்ன நினைத்தாரோ, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். கதவும் சாத்திக்கொண்டது. பதில் தட்டு வரவில்லை, என் பித்தளைத் தட்டும் வரவில்லை. "வாங்கிட்டாருல்ல, தருவாரு" என்றாள் சின்னத்தாயி. மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினேன். நிச்சயம் ஆனது பாதியா முழுதா என்று லயத்தில் இன்றுவரை வழக்கு நடக்கிறது.

எப்போது குடும்பத்தோடு ஊருக்கு வருவாய் என்று நீங்கள் ஆள் வரும்போதெல்லாம் கேட்டனுப்புகிறீர்கள். வருகிறேன். என் மனைவிக்கும் மகளுக்கும் எந்தப் பந்தியில் இலை போடுவீர்கள்? அதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. உங்கள் மேலும் கோபம், இங்கே இருக்கிறவர்கள் மேலும் கோபம். இருந்த இடத்தில் உட்கார முடியாமல் தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

போன வாரம் துரை வேலையை விட்டுச் சீமைக்கே போய்விட்டார். மாலை போட எல்லோரையும் நிறுத்தினார்கள். என் மாலையையும் மற்றவர்களுடையதைப் போலவே வாங்கிக்கொண்டார். வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகு பங்களா சமையல்காரர் துணி போட்டு மூடிய ஒரு தட்டோடு எங்கள் வாசலுக்கு வந்தார். என் பித்தளைத் தட்டு! சின்னத்தாயி ஓடிவந்து துணியை எடுத்தாள். தட்டில் குழந்தை காலில் போடும் வெள்ளைத் தோல் சப்பாத்து ஒரு ஜோடி இருந்தது.

பார்த்துக்கொண்டிருந்த கங்காணிக்கு முகம் கறுத்துவிட்டது. "வெத்தல வச்ச தட்டுல செருப்பா? மூஞ்சில அடிச்சிட்டுப் போயிட்டானே!" என்றார். லயமே கூடிவிட்டது. நான் அந்தச் சப்பாத்தைத் தூக்கிப் பள்ளத்தில் வீசக் கையை நீட்டினேன். சின்னத்தாயி என்னை முந்திக்கொண்டாள். சப்பாத்தைக் கீழே வைத்து, தட்டை முந்தானையால் துடைத்துத் தங்கத்திடம் கொடுத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து பவளத்தின் ஒரு காலைப் பிடித்துச் சப்பாத்துக்குள் நுழைத்தாள். குதிகாலில் விரல் விட்டுப் பார்த்தாள்.

"அளவு சரியா இருக்கு" என்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சரியா இருக்கு தம்பி. புள்ள காலப் பாத்துட்டேதான் இருந்திருக்காரு."

அடுத்த காலுக்குப் பவளம் இடம் கொடுக்கவில்லை. மறுநாள் காலையும் அப்படித்தான், ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் சேறுமாக நொண்டிக்கொண்டு என் பின்னால் பெரட்டுக்கு வந்தாள். ஆட்கள் அவளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பழக்கத்தில் கண்ணை மேட்டுக்கு உயர்த்தினார்கள். பங்களாவின் கதவுகள் சாத்தியிருந்தன. கூப்பிட வேண்டிய பேரை விட்டுவிட்டு நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.