கறுப்புக்கும் கோட்டை உண்டு

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ரூல்ஸ் என்றால் அவருக்கு உயிர். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகு எவனாவது வண்டியை நகர்த்தினால், முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் சரி, கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் மறுவேலை. அப்பேர்ப்பட்ட மனுஷன் கூடப் பிறந்த தங்கச்சிக்கு என்ன ரூல் சொல்லிக் கொடுத்தார் என்று சொல்கிறேன், கேளுங்கள். எனக்கு வந்த கோபம் நியாயமா இல்லையா என்று அப்புறம் சொல்லுங்கள்.

தங்கச்சி, அதாவது என் நாத்தனார், எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று உலகமே சொல்லும். எங்களுக்கு ஆகும். அதுதான் என் வீட்டுக்காரருக்கு வினையாக வந்து முடிந்தது.

அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பு, நோயாளி உடை, ஆபரேஷன் தியேட்டர் கவுன் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து விழும். மெஷினில் போடுவதற்கு முன்னால் தடித்த கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துணியையும் தடவிப் பார்க்க வேண்டும். மடிப்புக்குள் ஊசி இருக்கும், கத்தரிக்கோல் இருக்கும். ஒரு தடவை யாரோ ஒரு பெரியவருடைய பல்செட் இருந்தது. கவனிக்காமல் போட்டால் மெஷினும் கெடும், வெளியே எடுப்பவர் கையும் கிழியும். இவள் கைக்குத் தப்பி ஒரு ஊசி மெஷினுக்குள் போனதில்லை. ஆனாலும் தனக்கு மூளை மட்டு என்பதில் அவளுக்குத் துளிக்கூடச் சந்தேகம் கிடையாது. ஏனென்றால் வீட்டில் அவள் பெயர் மண்டு. அண்ணன் வைத்த பெயர்.

அந்தப் பெயர் வந்ததே செஸ்ஸால்தான். சின்ன வயதில் இரண்டு பேரும் விடாமல் ஆடுவார்களாம். ஒரு ஆட்டம்கூட அவள் ஜெயித்ததில்லை. பள்ளிக்கூடம் முடித்ததும் லேப் டெக்னீஷியன் படிக்க ஆசைப்பட்டிருக்கிறாள். என் மாமனார், பாவம், எதற்கும் மகனை ஒரு வார்த்தை கேட்பவர். மகன் சொன்னது: "அவளா? நாலு காய் ஒழுங்கா நகர்த்தத் தெரியாதுப்பா. மண்டு அது. காசு தண்டம்." பேச்சு அதோடு முடிந்தது. இதை அவளே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் சலவைப் பிரிவின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து முட்டியில் அடிபட்டுக்கொண்டாள். டாக்டர் நடக்கக் கூடாது என்றுவிட்டார். சும்மா இருக்கிற பிறவியா அது? என் அலமாரியைக் கவிழ்த்து எல்லாப் புடவைகளையும் ஆஸ்பத்திரி மடிப்பாக மடித்து வைத்தாள். தொல்லை தாங்காமல் நான்தான் அவள் போனில் செஸ் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். உள்ளே போக ஒரு பெயர் கேட்டது. "மண்டு" என்று அடித்தாள்.

"வேற பேரே கிடைக்கலையா உனக்கு?"

"எல்லாரும் கூப்பிடுறதுதானே அண்ணி. எனக்கும் ஞாபகம் இருக்கும்."

முதலில் அடி என்றால் அடி, அப்படி ஒரு அடி. விவரம் தெரியாமல் மூன்று நிமிஷ ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். எவனெவனோ எங்கிருந்தோ வந்து ராணியைத் தூக்கிக்கொண்டு போனான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். எனக்குச் செஸ் தெரியாது, ஆனால் ஆத்திரப்படத் தெரியும். "கொஞ்சம் மெதுவா ஆடுற ஆட்டம் இல்லையா இதுல?" என்று கேட்டேன். இருந்தது. நீளமான ஆட்டத்துக்கு மாறினாள்.

அப்புறம் ஒருநாள் அவளாகவே ஒன்று கண்டுபிடித்தாள். "நம்ம மூட்டை மாதிரிதான் அண்ணி இதுவும். தடவிப் பார்க்காம போட்டுடுறேன்." அன்றிலிருந்து காயை நகர்த்தும் முன்னால் எதிராளியின் ஒவ்வொரு காயின் மேலும் விரலை லேசாக வைத்துப் போவாள். இது எங்கே குத்தும், அது எங்கே குத்தும் என்று முணுமுணுப்பாள். எல்லாம் பார்த்த பிறகுதான் நகர்த்துவாள். தோற்ற ஆட்டத்தை உடனே மூட மாட்டாள். எந்த இடத்தில் சொதப்பினோம் என்று திருப்பிப் பார்ப்பாள். அடுத்தடுத்து இரண்டு தோற்றால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஆத்திரத்தில் ஆடினால் மூன்றாவதும் போகும் என்பது அவள் அனுபவம். ரேட்டிங் என்று ஒரு எண் போடுகிறார்கள் அல்லவா, தரைமட்டத்தில் கிடந்த அது ஏற ஆரம்பித்தது. இப்போதாவது பெயரை மாற்று என்றேன். "இருக்கட்டும் அண்ணி. மண்டுகிட்ட தோத்தேன்னு அவன் யார்கிட்ட போய்ச் சொல்லுவான்?" என்றாள். அவள் கிண்டல் பேசி அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

முட்டி ஆறி வேலைக்குத் திரும்பிய பிறகும் சாயங்காலம் ஒரு ஆட்டமாவது உண்டு. அப்படி ஒரு சாயங்காலம் முகமெல்லாம் சிவக்க மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அந்த ஆப்காரர்கள் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார்கள். காரணமில்லாமல் மற்றவர்கள் மேல் புகார் கொடுக்கிறாளாம். இனிமேல் கொடுத்தால் ஆடவே விட மாட்டார்களாம்.

"நீயா? புகாரா? என்னன்னு?"

"எல்லாரும் அழுகுணி ஆட்டம் ஆடுறாங்க அண்ணி. கறுப்புக் காயை வெச்சுக்கிட்டுக் கோட்டை கட்டுறாங்க!"

செஸ்ஸில் ராஜாவைப் பத்திரப்படுத்த ஒரு வழி உண்டு. ராஜா யானைப் பக்கமாக இரண்டு கட்டம் போவார். யானை அவரைத் தாண்டி வந்து காவல் நிற்கும். அதுதான் கோட்டை கட்டுவது. இவ்வளவுதான் எனக்கு அவள் சொல்லித் தெரியும்.

"கட்டினா என்ன தப்பு?"

"வெள்ளைக்குத்தானே கோட்டை? கறுப்புக்குக் கிடையாதே."

"யார் சொன்னா?"

"அண்ணன்."

"அப்போ நீங்க ஆடும்போது வெள்ளை யாருக்கு?"

"மூத்தவங்களுக்கு."

போனை வாங்கி விதிமுறைப் பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்தேன். வெள்ளை, கறுப்பு இரண்டுமே கோட்டை கட்டலாம். இன்னும் கீழே போனால் இன்னொன்று. ராஜாவுக்கு யாரும் குறி வைக்கவில்லை, ஆனால் நகர ஒரு கட்டமும் இல்லை, வேறு எந்தக் காயையும் நகர்த்த வழியில்லை என்றால் அது டிரா. யாருக்கும் ஜெயமில்லை, யாருக்கும் தோல்வியில்லை.

"எங்க வீட்டுல அப்படி மாட்டிக்கிட்டா தோல்வி" என்றாள் மெதுவாக.

"உங்கண்ணன் மாட்டினா?"

"அவனா... 'சரி, வேற ஆட்டம் போடலாம்'னு கலைச்சுடுவான்."

அடப்பாவி மனுஷா! பாதி ரூலை மறைத்து வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை வருஷக்கணக்கில் தோற்கடித்து, அதற்கு மண்டு என்று பட்டமும் கொடுத்து, அதையே சாட்சியாகக் காட்டிப் படிப்பையும் நிறுத்தி வைத்திருக்கிறார். குட்டக் குட்டக் குனிகிறவளும் மடச்சிதான் என்று அவளையும் சேர்த்துத் திட்டினேன். அவள் பதிலுக்கு என்ன சொன்னாள் தெரியுமா? "அவனும் அப்போ சின்னப் பையன்தானே அண்ணி. அவனுக்கும் தெரியாம இருந்திருக்கும்."

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏனென்றால் அதே வாரம் சலவைப் பிரிவில் இன்னொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. பொறுப்பாளர் அம்மா ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு இவளைத்தான் கேட்டிருக்கிறார். எந்த மெஷினில் எது போவது, யாருக்கு எந்த ஷிப்ட், தியேட்டருக்கு எப்போது என்ன போய்ச் சேரணும், எல்லாம் இவள் யோசித்துச் சொல்ல வேண்டும். "மூளை வேலை எனக்கு ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்த அம்மா விடவில்லை. "திங்கட்கிழமைக்குள்ள யோசிச்சு ஒரு வார்த்தை சொல்லு. அதுக்கப்புறம் வெளியாளைப் போட்டுடுவாங்க" என்றிருக்கிறார். வீட்டில் அண்ணனிடம் கேட்டாள். டீயைக் குடித்துக்கொண்டே, "உனக்கெதுக்கு மண்டு அந்தத் தலைவலி?" என்றார் அவர். முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கீழே வந்து, "அண்ணே, ஒரு ஆட்டம் போடலாமா?" என்றாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை, சத்தியமாக. அவர் சிரித்த சிரிப்பில் சோபா குலுங்கியது. போனில் ஆடுவதெல்லாம் செஸ்ஸா என்று பரணிலிருந்து பழைய அட்டையை எடுக்கச் சொன்னார். ஒரு சிப்பாய் காணாமல் போய் அதற்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான் இருந்தது. வெள்ளையைத் தன் பக்கம் அடுக்கிக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, அவர் மூத்தவர்.

கொஞ்ச நேரத்தில் இவள் ராஜாவை இரண்டு கட்டம் தள்ளி யானையை இந்தப் பக்கம் வைத்தாள்.

"ஏய், ஏய்! கறுப்புக்குக் கோட்டை கிடையாது!"

"உண்டுண்ணே. ரூல் மாறிடுச்சு போல" என்றாள், தலையைத் தூக்காமல்.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். "சரி சரி, வெச்சுக்கோ" என்றுவிட்டார்.

அதற்கப்புறம் வெளுத்து வாங்கினாள். அவர் பழைய நினைப்பில் காய்களை முன்னால் அனுப்ப, இவள் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பார்த்து, பார்த்து, எடுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவரிடம் ராஜா மட்டும். மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றார் ராஜா. இவளிடம் ராணியே இருந்தது. ஒரே நகர்த்தல்தான் பாக்கி, எனக்கே தெரிந்தது. ராணியைக் கையில் எடுத்தாள். ஒரு கட்டத்தின் மேல் கொண்டு போய் நிறுத்தி, வெகுநேரம் யோசித்து, பக்கத்துக் கட்டத்தில் வைத்தாள்.

அண்ணன் துள்ளி எழுந்தார்.

"டிரா! டிரா! பார்த்தியா, சொதப்பிட்ட! என் ராஜாவுக்கு நகர இடமில்ல, செக்கும் இல்ல. டிராதான்!"

"இடமில்லாம மாட்டினா தோல்விதானேண்ணே?"

"எவன் சொன்னான்? உலகம் பூரா இதுதான் ரூல். எட்டாவது படிக்கும்போதே ஸ்கூல் டீம்ல ஆடினவன் நான், என்கிட்டயே கதை விடுறியா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"அப்போ உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் அவள்.

"ஏய்... சின்னப் புள்ளைங்க விளையாட்டு அது. அதைப் போய் இத்தனை வருஷம் கழிச்சு..."

"உனக்கு விளையாட்டுதாண்ணே. அதை வெச்சுதான் அப்பா என் படிப்பை முடிச்சு வெச்சாரு. நானும் அதை நம்பித்தான் இத்தனை நாளும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்." குரல் உயரவே இல்லை.

"ஊரான் மஞ்சள் விளக்குல போனா கண்ணாடியை இறக்குறீங்களே, வீட்டுக்குள்ள ஒரு பொண்ணு வாழ்க்கைக்கே சிவப்பு விளக்குப் போட்டீங்களே, அதுக்கு யாருங்க உங்களைத் திட்டுறது?" என்று நான் ஆரம்பித்தேன். அன்று ஆரம்பித்தது இன்னும் முழுசாக முடியவில்லை. அவர் பொத்தான் சிப்பாயை விரலுக்குள் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் மாடிக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஒரே நகர்த்தல்ல ஜெயிச்சிருப்பியே, எப்படி விட்ட?"

"விடல அண்ணி. வேணும்னுதான் அங்க வெச்சேன். ஜெயிச்சிருந்தா, ஏதோ அதிர்ஷ்டம்னு சொல்லியிருப்பான். அந்த ரூல் அவனுக்கு அப்பவே தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெரியாதுன்னு நெனச்சேன். நிஜமாவே நெனச்சேன்."

அப்புறம் போனை எடுத்துப் பொறுப்பாளர் அம்மாவுக்கு அடித்தாள். ஞாயிற்றுக்கிழமையில் கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். அந்த வேலையைத் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். அந்தப் பக்கம், "நல்லா யோசிச்சுதானே சொல்ற?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

"ஆமாம்மா" என்றாள். "எனக்கு யோசிக்க வரும்மா."