வாயாடியும் ஆறு ஆடுகளும்

புரியாது என்று தெரிந்தும் ஓர் உயிரிடம் பேசுகிறோமே, அது யாருக்காக? தத்துவ நூல்கள் இந்தக் கேள்வியைச் சுற்றி வளைத்துத்தான் தொடுகின்றன. வாயாடி அதற்குள் நேரே போய் விழுந்தாள்.

வாயாடி என்பது வீட்டில் வைத்த பெயர். கால்நடை மருத்துவ மாணவி. பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன், விடாப்பிடிக்காரி. கடைசி வருடத்தில் வெளிநாட்டு விலங்கு ஆய்வு நிலையம் ஒன்றுக்குப் பயிற்சிக்குப் போனாள். பயிற்சி முடிவில் ஒருவரை மட்டும் மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய வைத்துக்கொள்வார்கள். அந்த இடத்தின் மேல்தான் அவளுக்குக் கண்.

கிளம்பும்போதே, செல்போன் பழுது பார்க்கும் அண்ணன் சீண்டினான்.

"அங்க யாரும் தேவையில்லாம பேச மாட்டாங்களாம். உனக்கு மூச்சு முட்டிடுமே!"

"நீ இல்லாத இடத்துல நல்லாவே மூச்சு வரும், போண்ணா."

அவன் சொன்னபடிதான் ஆயிற்று. செருப்பை மாற்றி, நீல அங்கி போட்டு, இரண்டு கதவுகள் தாண்டி உள்ளே போக வேண்டும். சென்ட் கூடாது, போன் கூடாது, கதவை அறைந்து சாத்தக் கூடாது. எதிர்ப்படுகிறவர்கள் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

லாரியில் ஏற்றும்போது செம்மறி ஆடுகள் மிரளாமல் இருக்க ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சில அறைகளின் ஆடுகளுக்கு மருந்து, மற்றவற்றுக்கு வெறும் உப்புநீர் ஊசி. எது எங்கே என்று வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது. மார்பில் பட்டை கட்டி இதயத்துடிப்பைப் பார்ப்பார்கள். ஓர் அறைக்கு ஒருவர் பொறுப்பு. வாயாடியின் அறையில் ஆறு ஆடுகள்.

அந்த ஆறும் நாளுக்கு நாள் சாதுவாயின. ஊசியைக் கண்டாலும் அசைபோட்டபடி நின்றன. மருந்து பிரமாதமாக வேலை செய்கிறது என்று நிலையமே பூரித்தது. கடைசியில் முடிவுகளைத் திறந்து பார்த்தபோது, அவள் ஆடுகளுக்குப் போனது உப்புநீர்தான் என்று தெரிந்தது. மருந்து ஏறிய ஆடுகளோ அவற்றைவிட அதிகமாக மிரண்டிருந்தன.

தலைமை ஆய்வாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தீவனத்துல எதையாவது கலந்தியாம்மா?"

"ஐயோ, இல்ல மேடம்."

"அப்ப என்னதான் செஞ்ச?"

"பேசினேன்."

"யார்கிட்ட?"

"ஆடுங்ககிட்டதான். இங்க வேற யாரு காது குடுக்கறாங்க?"

"எந்த மொழியில?"

"எங்க மொழியிலதான். அதுங்க இதுவரைக்கும் குறை சொல்லல."

"அப்படி என்னதான் பேசுவ?"

"தொவைக்கப் போட்ட சாக்ஸ்ல ஒண்ணு காணாமப் போனது, எங்க அண்ணன் அடிக்கற கூத்து... அந்தக் காது மடிஞ்சவளுக்கு எங்க அண்ணன் கதைன்னா உயிரு, மேடம்."

பேசக் கூடாது என்று அங்கே விதி ஏதும் இல்லை. ஆட்டிடம் பேசுகிறவரை அவர்கள் பார்த்ததே இல்லை. விதி போட யாருக்குத் தோன்றும்? ஆனாலும் அத்தனை பேரின் உழைப்பும் வீண். இடம் கைநழுவிவிட்டது என்று அவள் பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

"ஆட்டையும் பேசியே கவுத்துட்டியா! சரி, அழாம வந்து சேரு" என்றான் அண்ணன் போனில்.

மறுநாள் தலைமை ஆய்வாளரே அவள் தங்கும் அறைக்கு வந்து, பாதி மூடிய பெட்டியைப் பார்த்தார்.

"அதைப் பிரிச்சு வை. தப்பு எங்களோடது. ஆடுங்ககிட்ட எல்லாரும் ஒரே மாதிரி நடந்துக்கணும்னு விதி போட்டிருக்கணும். இனிமே மருந்தோட பேச்சையும் சோதிச்சுப் பார்க்கப் போறோம். புது ஆடுங்க வருது. ஒரு அறையில பேசணும், இன்னொண்ணுல வாயே திறக்கக் கூடாது. ஆராய்ச்சி இடம் உனக்குத்தான். எந்த அறைன்னு நீயே சொல்லு."

பதில் தெரியும் என்ற நினைப்பில் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"பேசாத அறை, மேடம்."

ஏன் அந்த அறை என்று அண்ணன் கேட்டபோது, "சாப்ட்டியா?" என்று பேச்சை மாற்றினாள். அம்மா கேட்டபோதும் அதேதான். இத்தனை நாள் பேசியது ஆடுகளுக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

புது ஆடுகள் வந்தன. அவளைக் கண்டதும் மிரண்டு சுவரோரம் ஒதுங்கின. வாயாடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை.