சின்னப் பெட்டி வந்த பிறகு

நாங்கள் நான்கு பெண்கள் ஞாயிறுதோறும் ஆடிய சீட்டாட்டத்துக்கு ஒரு துணைப் பெட்டி வந்தது. எக்ஸ்பான்ஷன் என்று சொல்வார்கள். கையில் இருக்கிற ஆட்டத்தோடு கலந்து ஆட, புதுச் சீட்டுகளையும் புது விதிகளையும் தனிப் பெட்டியில் போட்டு விற்பது. அது நல்லதா கெட்டதா என்று இணையத்தில் இன்றைக்கும் சண்டை ஓய்ந்தபாடில்லை. என்னைக் கேட்டால் நல்ல பெட்டிதான். சீட்டுகள் அழகு, விதிகள் தெளிவு, ஆட்டம் விறுவிறுவென்று போகும். ஆனால் அது வந்த பிறகு எங்களில் ஒருத்திக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லாமல் போயிற்று. அதை இணைய விமர்சனத்தில் எத்தனை நட்சத்திரம் போட்டுக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பழக்கம் தொடங்கியது ஒரு செஸ் வகுப்பு வாசலில். உறையூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக் கொடுத்தார்கள். உள்ளே பையன்கள் ராஜாவை மடக்கிக்கொண்டிருக்க, வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் அம்மாக்கள் கொசு அடித்துக்கொண்டிருப்போம். தில்லைநகரிலிருந்து வருபவர் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர். மகனுக்கு மூளை வளரட்டும் என்று இந்தச் சீட்டாட்டத்தை வாங்கினார். மகன் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. காசு போட்ட வயிற்றெரிச்சலில் ஒருநாள் அதை வகுப்பு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆளுக்கு ஒரு துறைமுகம். சரக்கு ஏற்றிக் கப்பல் அனுப்ப வேண்டும், புயல் சீட்டு வந்தால் தாங்க வேண்டும், அடுத்தவள் என்ன திட்டம் வைத்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய கட்டு தீர்ந்தால்தான் ஆட்டம் முடியும். அந்தக் கட்டு லேசில் தீராது. மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஏழு மணி ஆகும். பையன்கள் செஸ்ஸை விட்டார்கள், பிறகு எங்களையும் விட்டுக் கல்லூரிக்குப் போனார்கள். நாங்கள் சீட்டை விடவில்லை. இடம் மட்டும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மாறியது.

பாலக்கரையிலிருந்து வருபவர் கணவரோடு பாத்திரக் கடை நடத்துகிறவர். வாயைத் திறந்தால் கிண்டல், எல்லாருக்கும் ஒரு பெயர் வைப்பார். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தவரை மாமி என்பார். எங்களைவிட அவர் ஒரு வயதுகூடப் பெரியவர் இல்லை. மாமி என்றால் மாமிதான், நாங்களும் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டோம்.

மாமி கணக்கில் முதுகலை படித்தவர். ஒருநாளும் வேலைக்குப் போனதில்லை. எங்கள் மேசைக்கு இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தது அவர்தான். ஒன்று, எச்சில் கையோடு சீட்டைத் தொடக்கூடாது. அதனால் பொரியை டம்ளரில் போட்டு, அண்ணாந்து வாயில் கொட்டிக்கொள்வோம். பாலக்கரைக்காரர் சிரித்துக்கொண்டே கொட்டிப் புரையேறிய நாட்கள் உண்டு. ஆனால் இத்தனை வருடமாகியும் எங்கள் சீட்டுகளில் ஒரு எண்ணெய்க் கறை கிடையாது.

இரண்டாவது, ஆரம்பித்த ஆட்டம் முடியாமல் யாரும் எழுந்திருக்கக்கூடாது. அந்தச் சட்டம்தான் இந்தக் கதை. மாமியின் மாமனார் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயிலில் கூட்டாகப் பாசுரம் ஓதும் கோஷ்டியில் சேவிக்கிறவர். அந்த வீட்டில் மருமகள் கோயிலுக்கும் கடைக்கும் போகலாம். சும்மா தோழிகளைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பும் வழக்கம் இல்லை. யாரும் திட்ட மாட்டார்கள். எதற்கு என்று கேட்பார்கள், அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது, அவ்வளவுதான். செஸ் வகுப்பு நின்றதும் மாமிக்கு வெளியே வரக் காரணம் போயிற்று. அப்போது அவர் மாமனாரிடம் போய்ச் சொன்னாராம்: "அப்பா, இந்த ஆட்டம் கோஷ்டி மாதிரி. உக்காந்துட்டா சாற்றுமுறை ஆகாம நடுவுல எழுந்துக்கப்படாது. ஒருத்தி எழுந்தா மத்த மூணு பேரோடதும் வீணாப் போயிடும்."

பாராயணத்தில் கடைசியாகச் சேவித்து முடிப்பதுதான் சாற்றுமுறை. அதற்கு முன்னால் எழுந்து போவது அந்த வீட்டில் பெரிய குறை. பெரியவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "வாஸ்தவம். ஆரம்பிச்சா முடிச்சுட்டுதான் வரணும்" என்று உத்தரவு கொடுத்துவிட்டார். அப்புறம் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் மாமிக்கு போன் வரும். ஒரே கேள்வி. "சாற்றுமுறை ஆச்சா?" மாமி கையில் இருக்கும் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் இல்லப்பா" என்பார். போனை வைத்ததும் நாங்கள் நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். பாலக்கரைக்காரர் வீட்டில்கூடக் குக்கர் இறங்கியதா என்பதற்கு, சாற்றுமுறை ஆச்சா என்றுதான் கேட்கிறார்களாம்.

ஆக, மாமிக்கு ஆட்டம் முடிகிற வரைதான் வெளியே நேரம் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

சின்னப் பெட்டியை வாங்கியதும் தில்லைநகர்க்காரர்தான். நல்லெண்ணத்தில்தான் வாங்கினார். அதில் தென்றல் சீட்டு என்று ஒன்று. கையில் இருந்தால் அடுத்தடுத்து இரண்டு முறை ஆடலாம். அதைவிட முக்கியமாக, யாருடைய துறைமுகக் கிடங்கு முதலில் நிறைகிறதோ அந்த நிமிடமே ஆட்டம் முடிந்தது. நடுக்கட்டு தீரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் தடவை ஆடியபோது நான்கு மணிக்கு முன்பே முடிந்துவிட்டது. நான்தான் ஜெயித்தேன். நம்ப முடியாமல் கடிகாரத்தைப் பார்த்தேன்.

தில்லைநகர்க்காரர் போனை எடுத்து மற்றவர்கள் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார். இனி இது இல்லாமல் ஆடவே மாட்டேன் என்று ஒருவர். நான்கைந்து மணி நேர விருந்தை டிபனாகச் சுருக்கிவிட்டார்கள் என்று இன்னொருவர். குழந்தை தூங்கி எழுவதற்குள் முடிகிறது, புண்ணியமாகப் போகட்டும் என்று யாரோ ஒரு தாய். நாங்களும் வாதம் தொடங்கினோம்.

"எனக்குப் பிடிக்கலை" என்றார் மாமி. "இதுல யோசிக்க நேரமே இல்லை. பழைய ஆட்டத்துல தோத்துண்டே இருக்கறவா கூடக் கடைசியில தலையெடுக்கலாம். இதுல அதுக்குள்ள முடிஞ்சுடறது."

"அதுக்குத்தானே மாமி தென்றல் சீட்டு இருக்கு? பின்னாடி இருக்கிறவங்க டபுளா ஓடி வந்துடலாம்" என்றார் தில்லைநகர்க்காரர்.

"அது அதிர்ஷ்டம். யுக்தி இல்லை."

"புயல் சீட்டு மட்டும் யுக்தியா?" என்றேன் நான். நல்ல பதில் சொல்லிவிட்ட சந்தோஷம் எனக்கு.

மாமி விடவில்லை. துறைமுகங்களின் சமநிலை கெட்டுவிட்டது, கிழக்குத் துறைமுகம் எடுத்தவளுக்கு அநியாய லாபம் என்று கணக்குப் போட்டே காட்டினார். அத்தனைக்கும் எங்களிடம் மறுமொழி இருந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கிழக்குத் துறைமுகத்தை அன்றைக்கே காவிரியில் போட்டிருக்கலாம். கடைசியில் கை தூக்கிப் பார்த்தோம். மூன்றுக்கு ஒன்று. "மெஜாரிட்டி ஜெயிச்சாச்சு" என்று மாமி சிரித்துக்கொண்டே சீட்டுகளை அடுக்கினார்.

எங்கள் மூவருக்கும் அந்த மிச்ச நேரம் இனித்தது. பாலக்கரைக்காரர் சாயங்கால வியாபாரத்துக்குக் கடைக்குப் போய்விடுவார். தில்லைநகர்க்காரர் நடைப்பயிற்சி தொடங்கினார். நான் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து இஸ்திரி போடுவேன். ஒருமுறை மாமி, "இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்று கேட்டார். ஆளாளுக்கு வேலை சொன்னோம். பிறகு அவர் கேட்கவில்லை.

ஆனால் மெதுவாக ஆடத் தொடங்கினார். ஒரு சீட்டைப் போட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார். கிடங்கு நிறைய ஒரே ஒரு சரக்குதான் பாக்கி என்று இருக்கும், கையிலும் அது இருக்கும், போட மாட்டார். "மாமி, உங்க கப்பல் துரு புடிச்சிடப் போவுது, சீக்கிரம் போடுங்க" என்பார் பாலக்கரைக்காரர். நாங்கள் சிரிப்போம். மாமியும் சிரிப்பார். அடுத்தவள் ஆட்டத்தை நாலு அடி முன்னாலேயே கணிக்கிறவர்கள் என்று எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. ஜெயிக்கிற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போனும் சீக்கிரம் வரத் தொடங்கியது. "சாற்றுமுறை ஆச்சா?" மாமி, "ஆச்சுப்பா" என்பார், பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

"இன்னும் ஆகலைன்னு சொல்லிட்டு உக்காருங்க மாமி, காபி போடறேன்" என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"ஆயிடுத்தே" என்றார். "அந்த வார்த்தையில போய்ப் பொய் சொல்ல வாய் வரலை." அவர் படி இறங்குவதை மாடியிலிருந்து பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறினார். கூட்டமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. ஆத்துல கொஞ்சம் வேலை, வர முடியலை என்று வாட்ஸ்அப்பில் செய்தி. மாமிக்குச் சின்னப் பெட்டி பிடிக்காத கோபம் என்று முடிவு கட்டினோம். ஒரு சீட்டாட்டத்துக்குப் போய் இவ்வளவு ரோஷமா என்றுகூடப் பேசிக்கொண்டோம்.

நவராத்திரிக்குக் கொலு பார்க்க ஸ்ரீரங்கம் போனேன். மற்ற இருவருக்கும் தோதுப்படவில்லை. பெரியவர் கூடத்தில் இருந்தார். போனில் கேட்ட குரல்தான், ஆனால் நான் நினைத்திருந்ததைவிட ஒல்லியாக, சாதுவாக இருந்தார்.

"வாங்கோ வாங்கோ, உக்காருங்கோ" என்றார். "ஆட்டக் கோஷ்டிதானே நீங்க? இப்பல்லாம் சுருக்க முடிஞ்சுடறதாமே. ரொம்ப நல்லதாப் போச்சு."

எதற்கு நல்லது என்று எனக்குப் புரியவில்லை.

"முன்னெல்லாம் இவ வர ஏழரை ஆயிடும். அதனால ஞாயித்துக்கிழமை ஆத்துல ஒண்ணும் வெச்சுக்க முடியாம இருந்தது. சாற்றுமுறை ஆகாம எழுந்து வான்னு நான் சொல்ல மாட்டேன். இப்ப நாலரைக்கே வந்துடறாளேன்னு, நாங்க பத்துப் பேர் சேர்ந்து இங்கேயே பாராயணம் ஆரம்பிச்சுட்டோம். வரவாளுக்குக் காபி, பிரசாதம் எல்லாம் இவதான். பாவம், மதியமே தளிகையுள்ளுக்குப் போனா இருட்டற வரைக்கும் அடுப்பண்டையே நிக்கறா. அலுத்துக்கவே மாட்டா."

அவர் உண்மையாகவே பெருமையாகச் சொன்னார். அவசரப்பட்டு, "மாமா, நாங்க மறுபடியும் பழைய ஆட்டத்துக்கே போறதா இருக்கோம், பெரிய ஆட்டம், முன்னை மாதிரி ஏழு மணி ஆகும்" என்றேன். அந்த நிமிடத்தில்தான் அப்படி ஒரு முடிவே எடுத்தேன்.

அவர் சிரித்தார். "அதுக்கென்ன, பேஷா ஆடுங்கோ. ஆனா இங்கே ஆரம்பிச்சாச்சே. ஆரம்பிச்சதை நடுவுல நிறுத்தப்படாது. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் மேசையின் இரண்டாவது சட்டம்.

மாமி வெற்றிலை பாக்கு, சுண்டல் கொடுத்து வாசல்வரை வந்தார். புடவைத் தலைப்பில் காபிப் பொடி வாசனை. "ஏன் மாமி, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே? கிழக்குத் துறைமுகம், அதிர்ஷ்டம்னு எதையெதையோ சொன்னீங்களே" என்று கேட்டேன்.

"நீங்க மூணு பேரும் ஆட்டத்தைப் பத்திப் பேசிண்டிருந்தேள். நடுவுல போய் எங்காத்துக் கதையை எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்தது" என்றார். கூடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "பழைய ஆட்டத்துக்கே போறேளா? நிஜமாவா?"

"ஆமா."

"புயல் சீட்டு ஒண்ணு ஓரம் கிழிஞ்சிருக்கும், பாத்து எடுங்கோ. டேப் ஒட்டணும்னு நெனச்சுண்டே இருந்தேன்."

உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது இரண்டு பேருக்கும் போன் செய்தேன். பாலக்கரைக்காரர் அன்றைக்குக் கிண்டல் எதுவும் செய்யவில்லை. தில்லைநகர்க்காரர், நான்தானே வாங்கினேன், நான்தானே வாங்கினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வாங்கியது அவர் ஒருவர், கை தூக்கியது மூன்று பேர் என்றேன்.

சின்னப் பெட்டி இப்போது என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. நாங்கள் மூவரும் பெரிய பெட்டியை வைத்துத்தான் ஆடுகிறோம். கிழிந்த புயல் சீட்டுக்கு டேப் ஒட்டியாகிவிட்டது. பொரியை டம்ளரில் போட்டு அண்ணாந்துதான் கொட்டிக்கொள்கிறோம். நடுக்கட்டு தீர ஏழு மணி ஆகிறது. ஐந்து மணி வாக்கில் மூவருமே பேச்சை நிறுத்திவிடுகிறோம், ஒரு போனும் வருவதில்லை. கடை, நடைப்பயிற்சி, இஸ்திரித் துணி எல்லாம் காத்திருக்கின்றன. ஏழு மணி வரை உட்கார எங்கள் மூவருக்கும் ஒரு தேவையும் கிடையாது. தேவைப்பட்டவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்துப் பேருக்குக் காபி கலந்துகொண்டிருக்கிறார்.