ஆணியில் தொங்கிய ரொட்டி

ஹுல்கருக்குப் பத்தொன்பது வயது. கீழூரில் தந்தூர் அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டு விற்பவள். வாய் கொஞ்சம் நீளம். அணையைக் கையில் வைத்துக்கொண்டு மேலூர்க்காரர்கள், கீழூருக்கு வீட்டுக்கு ஒரு குடம் என்று தண்ணீரை அளந்துவிட்ட காலம் அது. அவர்களுடைய காவல்படையில் சேர்ந்து அந்த அணைக்குக் காவல் நின்றவன் அவள் அண்ணன் இல்ஹோம். மதகை உடைத்தவன் அவள் காதலித்த யோத்கோர். நடுவில் கிடந்து அல்லாடினாள் பாவம்.

உடைத்த கையோடு மலைக்கு ஓடுமுன் யோத்கோர் அவளிடம் வந்தான். தூரம் போகிறவன் ஒரு வாய் ரொட்டி கடித்துவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். மிச்சம் ஆணியில் தொங்கும். அவனே திரும்பி வந்து தின்ன வேண்டும். வேறு வாய் பட்டால் போனவன் வரமாட்டான்.

"நல்லா கடிடா, எலி கொறிச்ச மாதிரி கடிக்கிறே."

"வந்து முடிக்கிறேன். அதுவரைக்கும் எவனையும் கட்டிக்காதே."

"ஆமா, வாசல்ல வரிசையா நிக்கிறாங்க!" என்றாள், அழுதுகொண்டே.

அவனுக்கு முன்பல் ஒன்று முன்பே பாதி உடைந்திருந்தது. ரொட்டியில் அது அப்படியே பதிந்திருந்தது. ஒளித்துவைக்க அவளுக்குத் தோன்றவேயில்லை. கடித்த ரொட்டியை யாராவது ஒளிப்பார்களா?

அந்த வாரமே காவல்படை வீடு வீடாகச் சோதனை போட்டது. முதலில் நுழைந்த இல்ஹோம் ஆணியைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"அடிப்பாவி! அந்த உடைஞ்ச பல்லன் இங்கேயா வந்தான்? உன்னையும் சுட்டுருவாங்கடி!"

"தொடாதேண்ணே. உன் கால்ல விழறேன்."

வாசலில் காவல்படைத் தலைவனின் பூட்ஸ் சத்தம். இல்ஹோம் ரொட்டியை எடுத்து, அந்தப் பல்தடத்தின் மேலேயே நறுக்கென்று கடித்து மறுபடி மாட்டினான்.

"யாருது?" என்றான் தலைவன்.

"என்னுதுங்கய்யா. அணைக்கு வேலைக்குப் போறப்ப கடிச்சது."

"அதான் வந்துட்டியே, அப்புறம் ஏன் தொங்குது? தின்னு."

படுபாவி, நின்று பார்த்தான். கல்லாய்க் காய்ந்த ரொட்டி இல்ஹோம் தொண்டையில் இறங்கவில்லை. ஹுல்கர் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு வாய்க்கும் ரொட்டி குறைவதையே பார்த்தாள். ஆனால் அழ முடியுமா? "தொட்டுச் சாப்பிடுண்ணே," என்று சிரித்தாள். கடைசித் துணுக்குவரை அவன் நிமிரவில்லை.

தலைவன் அடுத்த வீட்டுக்குப் போனான்.

"உன் உயிருக்காகத்தான் தின்னேன் தங்கச்சி."

"தெரியும். இனி அவன் எதைத் தின்ன வருவான், சொல்லு."

இல்ஹோம் காவல் தொப்பியைக் கழற்றி அடுப்பில் போட்டான்.

"சூடா ஒரு ரொட்டி எடு. நான் போய் அவனைக் கூட்டிட்டு வரேன்."

ஒரு வாய் கடித்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனான். மிச்சத்தை ஹுல்கர் அதே ஆணியில் மாட்டினாள்.